காலிக் கட்டத்தைக் கேளுங்கள்

கோயமுத்தூரில் டீ குடிக்க டீக்கடை தேட வேண்டியதில்லை, பேக்கரி இருக்கிறது. காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் சாயங்காலம் நிற்கிற பேக்கரிக்கு ஏழரை மணிக்கு மேல் ஒரு அக்கா வருவார். கிராஸ்கட் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. சரவணம்பட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் கூட்டம் குறைகிற வரைக்கும் ஒரு டீ, ஒரு தேங்காய் பன், கையில் போன். போனில் எப்போதும் ஒரே ஆட்டம்தான். கறுப்புப் பலகை, அதில் வண்ணப் புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி கோடு.

ஒரு நாள் போனை என் பக்கம் நீட்டினார்.

"ஏனுங் தம்பி, நீங்க சர்க்யூட் போர்டு டிசைன் பண்றவருதானுங்? இதச் சித்தெ பாருங்க. நாலு நாளா இதுலயே நிக்குது. எல்லா நிறத்தையும் சேத்திப்போட்டேன். ரெண்டே ரெண்டு கட்டம் மட்டும் காலியா நிக்குதுங்."

வாங்கிப் பார்த்தேன். 9-க்கு 9 பலகை. எல்லா ஜோடியும் சேர்ந்திருந்தது. கீழே இடது மூலைக் கட்டமும் அதற்கு மேல் கட்டமும் மட்டும் கறுப்பாக இருந்தன.

"இது கடைசியில வந்த தப்பு இல்லீங்க்கா. முதல் கோடு போடும்போதே வந்துருச்சு. டீயக் குடிங்க, சொல்றேன்" என்றேன்.

அன்றைக்குப் பேக்கரி மேஜையில் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த ஆட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தவறு ஒன்றேதான்: வண்ணப் புள்ளியைப் பார்த்து யோசிக்கிறார்கள். காலிக் கட்டத்தைப் பார்த்து யோசிக்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஃப்ளோ ஃப்ரீ என்ற பெயரில் 2012-ல் பிக் டக் கேம்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. சதுரக் கட்டப் பலகையில் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு புள்ளி. ஒரே நிறப் புள்ளிகள் இரண்டையும் கோட்டால் சேர்க்க வேண்டும். கோடு மேலே, கீழே, இடம், வலம் போகலாம். மூலைவாட்டில் போகக் கூடாது. ஒரு கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது. கடைசியில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் ஆளைக் கவிழ்ப்பது. அதேதான் ஆளைக் காப்பாற்றுவதும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஆட்டம் போனுக்குப் புதிதே தவிர உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் சாம் லாய்ட் என்ற புதிர்க்காரர் 1897-லேயே புரூக்ளின் டெய்லி ஈகிள் பத்திரிகையில் இதன் சாயலில் ஒன்று போட்டார். இங்கிலாந்தின் ஹென்றி டூடனி 1917-ல் வெளியிட்ட புதிர்ப் புத்தகத்தில் மோட்டார் ஓட்டிகளுக்கென்று ஒன்று இருக்கிறது; ஒருவர் பாதையில் இன்னொருவர் குறுக்கிடாமல் எல்லாரும் ஊர் போய்ச் சேர வேண்டும். ஜப்பானில் சுடோகுவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த நிகோலி நிறுவனம், வண்ணத்துக்குப் பதில் எண்களை வைத்து நம்பர்லிங்க் என்று இதை வளர்த்தது.

பில் தாளைத் திருப்பி 5-க்கு 5 கட்டம் போட்டேன். நீங்களும் ஒரு தாளில் போட்டுக்கொண்டால் நல்லது, கண்ணால் படித்தால் மட்டும் போதாது. 'சி' என்பது சிவப்பு, 'நீ' நீலம், 'ப' பச்சை, 'ம' மஞ்சள். கோடு போட்ட இடமெல்லாம் காலி.

முதல் வரிசை: – – – – நீ
இரண்டாம் வரிசை: – – ப – –
மூன்றாம் வரிசை: – – ம சி –
நான்காம் வரிசை: – – – ம –
ஐந்தாம் வரிசை: சி – ப நீ –

அக்காவின் விரல் நேராகப் பச்சைக்குப் போனது. "ரெண்டும் ஒரே நேருல இருக்குதுங். நடுவுல மஞ்சள் நிக்குது, அதச் சுத்திட்டுப் போனா ஆச்சு." மேல் பச்சையிலிருந்து இடது பக்கம் ஒரு கட்டம், கீழே இரண்டு, வலது பக்கம் ஒன்று, கீழே வந்தால் பச்சை. போட்டு முடித்ததும் அவரே கையை எடுத்துவிட்டார். மூன்றாம் வரிசை மஞ்சளுக்கு மேலே பச்சை, இடது பக்கம் பச்சை, கீழே பச்சை, வலது பக்கம் சிவப்புப் புள்ளி. மஞ்சள் அசைய இடமில்லை.

பச்சையை அழித்துவிட்டு, "இப்ப எந்த நிறத்தையும் பார்க்காதீங்க. கீழ வலது மூலையைப் பாருங்க. அந்தக் காலிக் கட்டத்துக்கு எத்தனை வாசல்?" என்று கேட்டேன்.

மூலைக் கட்டத்துக்கு இரண்டே வாசல். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று. அது காலிக் கட்டம், அதனால் ஏதோ ஒரு கோடு ஒரு வாசல் வழியாக உள்ளே வந்து மற்ற வாசல் வழியாக வெளியே போயே ஆக வேண்டும். இடது வாசலில் நீலப் புள்ளி நிற்கிறது. அப்படியானால் இந்த மூலை நீலத்துக்குத்தான். இதில் ஊகம் எதுவும் இல்லை.

"அட ஆமாங். வேற ஆளே இல்லீங்களே."

இனிமேல் நீலம் தானாக ஏறும். மூலையிலிருந்து நான்காம் வரிசைக்கு வந்தால் இடது பக்கம் மஞ்சள் புள்ளி; மேலே போவதைத் தவிர வழியில்லை. மூன்றாம் வரிசையில் இடது பக்கம் சிவப்பு, மறுபடியும் மேலேதான். இரண்டாம் வரிசையில்தான் முதல் தடவையாக இரண்டு வழி வருகிறது. மேலே நீலத்தின் மறுமுனை. இடது பக்கம் ஒரு காலிக் கட்டம். அந்தக் காலிக் கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். நிரப்பினால் என்ன ஆகும்? கீழே நிற்கிற சிவப்புப் புள்ளிக்கு இடதும் கீழும் மஞ்சள், வலது பக்கம் நீலக் கோடு. மேல் பக்கம் ஒன்றுதான் திறந்திருக்கிறது. அதையும் நீலம் எடுத்துக்கொண்டால் சிவப்பு செத்தது. ஆகவே நீலம் நேராக மேலே போய்ச் சேர வேண்டும்.

இப்போது சிவப்பு. ஒரே வாசல், மேலே. அங்கே போனால் இடது பக்கம் பச்சைப் புள்ளி, வலது பக்கம் நீலக் கோடு. இன்னும் மேலே போகிறது. முதல் வரிசைக்கு வந்ததும் வலது பக்கம் நீலப் புள்ளி. இடது பக்கம் திரும்புகிறது. அடுத்த கட்டத்துக்குக் கீழே பச்சைப் புள்ளி, இன்னும் இடது. இப்போது மேல் இடது மூலை. அதற்கும் இரண்டே வாசல். ஒன்றில் சிவப்பு வந்து நிற்கிறது. வேறு ஆள் இல்லை, சிவப்பே உள்ளே நுழைந்து கீழே இறங்க வேண்டும்.

இறங்கும்போது வலது பக்கம் காலியாக ஒரு நெட்டு வரிசை தெரியும். உள்ளே புக ஆசை வரும். பச்சையைக் கேளுங்கள். மேல் பச்சைப் புள்ளிக்கு மேலே சிவப்பு, வலது பக்கம் சிவப்பு, கீழே மஞ்சள். இடது பக்கக் கட்டம் ஒன்றுதான் அதன் மூச்சு. அதற்குக் கீழே உள்ள கட்டமும், அதற்கும் கீழே உள்ளதும் பச்சை வெளியே வர வேண்டிய பாதை. சிவப்பு அதில் எங்கே கால் வைத்தாலும் பச்சை உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆகவே சிவப்பு மதில் ஓரமாகவே கீழ் மூலை வரை இறங்கிச் சேர்கிறது.

பச்சை அந்த நெட்டு வரிசையில் இறங்கி நான்காம் வரிசைக்கு வரும்போது மறுபடியும் இரண்டு வழி. முதலில் அக்கா போன வழி வலது பக்கம். கீழே ஒரு காலிக் கட்டம் இருக்கிறது பாருங்கள், அதன் இடது பக்கம் சிவப்பு முடிந்துவிட்டது, வலது பக்கம் பச்சைப் புள்ளி. பச்சை வராவிட்டால் அந்தக் கட்டத்துக்கு வேறு யாரும் வர முடியாது. பச்சை கீழே இறங்கி வலது பக்கம் சேர்ந்தது. மிச்சம் ஒரு கட்டம், மஞ்சளுக்கு. முடிந்தது.

சிவப்புப் புள்ளிகள் இரண்டுக்கும் இடையே எண்ணினால் 5 அடி தூரம். கோடு போனது 9 அடி. ஊரைச் சுற்றித்தான் போயிருக்கிறது, ஆனால் ஒரு இடத்திலும் தன் விருப்பத்துக்குப் போகவில்லை.

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது சிக்குக் கோலமாட்டத்தான் இருக்குதுங் தம்பி. ஓரத்துப் புள்ளிக்கு வந்தா கைக்கு யோசனையே வராது. சுத்தித் திரும்பித்தான் ஆகோணும். நடுவுலதான் எக்கட்டால போறதுன்னு நிக்கோணும்" என்றார்.

எனக்கு இதைக் கேட்டதும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷம் போர்டு போட்டவனுக்கு இந்த வாக்கியம் இவ்வளவு சுருக்கமாக வந்ததில்லை. சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிப் போகும், இந்த ஆட்டத்தில் வெட்டக் கூடாது. அது ஒன்றுதான் பெரிய வித்தியாசம். ஒரு புள்ளியும் விட்டுப் போகக் கூடாது, ஓரத்தில் கோட்டுக்குச் சுதந்திரம் இல்லை, சிக்கல் எல்லாம் நடுவில்தான் என்பவை இரண்டுக்கும் பொது. கோலத்துக்குள் இருக்கிற இந்த ஒழுங்கை நம் ஊர் ஆட்களே கணினி அறிவியலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் 1974-ல் கோலங்களை இலக்கண விதிகளால் எழுதிக் காட்டும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். வாசலில் கோலம் போடுகிற கை செய்கிற முடிவுகளை விதிகளாக எழுத முடியும் என்பது அதன் சாரம். தினமும் காலையில் கோலம் போடுகிறவர்கள் இந்த ஆட்டத்தில் பாதித் தூரம் ஏற்கனவே வந்துவிட்டவர்கள்.

என் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். கோயமுத்தூர் பம்ப்செட் ஊர். பம்ப்செட் என்றால் ஸ்டார்ட்டர் பேனல் வரும், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் நிறுத்துகிற கன்ட்ரோல் போர்டு வரும். அந்தச் சின்ன போர்டுகளில் விலை குறைந்தது சிங்கிள் சைடு, செம்பு ஒரு பக்கம்தான். அதில் தடம் தடத்தை வெட்டினால் ஷார்ட். தேவையான இடத்தில் செம்பை நிறுத்திவிட்டு மற்றதை ஃபெரிக் குளோரைடில் கரைக்கிற வேலையைத் தொடங்கும் முன்னால், எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு எப்படித் தடம் போவது என்று தீர்க்க வேண்டும். இதே ஆட்டம்தான், சம்பளத்தோடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பவர் தடத்தைத்தான் முக்கியம் என்று நினைத்து நடுவில் நேராகப் போட்டுவிடுவேன். அப்புறம் பாக்கி எல்லாத் தடமும் அதன் இரண்டு பக்கமும் வந்து முட்டி நிற்கும். ஒரு தடவை அப்படிப் போட்ட போர்டில் ஏழு இடத்தில் ஜம்பர் வயர் வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மேஜைப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "நடுவை நம்பாதே."

கணினிக்கும் இதே வியாதிதான். 1961-ல் பெல் ஆய்வகத்தின் சி. ஒய். லீ ஒரு முறையைச் சொன்னார். தொடங்கும் புள்ளியிலிருந்து தண்ணீர் பரவுவதுபோல நான்கு பக்கமும் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டே போ. முடியும் புள்ளியைத் தொட்டதும் எண்கள் இறங்கும் வழியே திரும்பி வா. குறுக்கு வழி நிச்சயம் கிடைக்கும். ஒரு ஜோடிக்கு இதைவிட நம்பகமான முறை இல்லை. ஆனால் ஜோடி ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்கு வழி போட்டால், முதலில் போட்டது பின்னால் வருவதை அடைக்கும். எந்த வரிசையில் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அக்காவின் விரல் பச்சைக்குப் போனதும் லீயின் முறை செய்வதும் ஒன்றுதான்: ஒரு ஜோடியை மட்டும் பார்த்து அதற்கு நல்லது செய்வது.

இப்போது அந்தக் கடைசி விதிக்கு வருகிறேன். ஒரு கட்டமும் காலியாக நிற்கக் கூடாது என்பது சுமையாகத்தான் தெரியும். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் மூலைக் கட்டம் நமக்கு ஒன்றும் சொல்லாது. விதி இருப்பதால்தான் ஒவ்வொரு காலிக் கட்டமும் "எனக்கு இரண்டு வாசல் திறந்திருக்க வேண்டும்" என்று பேசுகிறது. ஆட்டத்தின் நடுவிலும் இதையே பாருங்கள். எந்தக் காலிக் கட்டத்துக்கு இரண்டே வாசல் மிச்சம் இருக்கிறதோ, அதில் கோட்டின் வடிவம் முடிவாகிவிட்டது. ஒரே வாசல்தான் மிச்சம் என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். எந்தப் புள்ளிக்கு ஒரே வாசலோ, அந்த ஒரு அடியைத் தைரியமாகப் போடலாம். கோட்டை முழுசாக இழுக்க வேண்டும் என்று இல்லை. தெரிந்த வரைக்கும் போட்டு அப்படியே விடுங்கள். பிறகு இன்னொரு நிறம் வந்து அதற்கு வழி சொல்லும்.

பெரிய பலகையில் அடுத்து பார்க்க வேண்டியது மதில். ஓரத்தில் நிற்கிற புள்ளிகளை மட்டும் கடிகாரச் சுற்றில் படித்துக்கொண்டு போங்கள். சிவப்பு, சிவப்பு, நீலம், நீலம் என்று வந்தால் சரி. சிவப்பு, நீலம், நீலம், சிவப்பு என்று வந்தாலும் சரி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வந்தால் வெட்டாமல் சேர்க்கவே முடியாது. ஆட்டத்துக்காரர்கள் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் நாமே அதை உண்டாக்கிவிடுவோம். ஏனென்றால் மதில் ஓரமாக ஒரு கோடு போட்டதும் அந்தக் கோடே புது மதில். அதை ஒட்டி நிற்கிற புள்ளிகளை மறுபடி படிக்க வேண்டும். வெங்காயம் உரிக்கிறமாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் படித்துக்கொண்டே உள்ளே போனால் நடுவுக்கு வரும்போது மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

இதற்கு நம் ஊரையே உதாரணம் சொல்லலாம். திருப்பூர், ஈரோடு, சேலம் பஸ் காந்திபுரத்தில். பொள்ளாச்சி, பழனி பஸ் உக்கடத்தில். மதுரை, திருச்சி பஸ் சிங்காநல்லூரில். ஊட்டி பஸ் மேட்டுப்பாளையம் ரோட்டில். வெளியூர்க்காரர்கள் இத்தனை பஸ் ஸ்டாண்ட் எதற்கு என்று கேட்பார்கள். பஸ் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையிலேயே கிளம்பினால் ஊர் நடுவில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வெட்டித்தான் ஆக வேண்டிய இடத்தில் காந்திபுரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மேம்பாலம் போட்டார்கள். போர்டில் நாங்கள் வைக்கிற ஜம்பர் வயரும் அதேதான். அக்கா ஆடுகிற ஆட்டத்திலும் பாலம் வைத்த பதிப்பு ஒன்று உண்டு. அதில் பாலக் கட்டத்தில் மட்டும் ஒரு கோட்டின் மேல் இன்னொன்று நேராகக் கடக்கலாம். பாலம் கிடைத்தால் ஆட்டம் சுலபம் என்று நினைக்காதீர்கள், பாலத்தையும் இரண்டு கோடுகள் நிரப்பியாக வேண்டும்.

ஒரு கோடு மதிலிலிருந்து மதிலுக்குப் போனால் பலகை இரண்டு வீடாகிறது. அப்போது இரண்டு கேள்வி. ஒரே நிறத்தின் இரண்டு புள்ளியும் ஒரே வீட்டில் இருக்கிறதா? இது எல்லாருக்கும் தோன்றும். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு: அந்த வீட்டைக் கடைசிக் கட்டம் வரைக்கும் நிரப்ப முடியுமா?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பலகையைச் சதுரங்கப் பலகைபோல வெள்ளை, கறுப்பு என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொள்ளுங்கள். கோடு ஒவ்வொரு அடியிலும் நிறம் மாறும்: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. ஒரு ஜோடியில் ஒன்று வெள்ளையிலும் மற்றது கறுப்பிலும் இருந்தால், அந்தக் கோடு இரண்டையும் சம எண்ணிக்கையில் தின்னும். இரண்டும் கறுப்பில் இருந்தால் கறுப்பை ஒன்று கூடுதலாகத் தின்னும். இப்போது பிரிந்த வீட்டைப் பாருங்கள். அது 3-க்கு 3 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 9 கட்டம். நான்கு மூலையும் நடுவும் ஒரு நிறம், 5 கட்டம். மற்ற 4 கட்டம் இன்னொரு நிறம். அந்த வீட்டில் ஒரே ஒரு ஜோடி இருக்கிறது என்றால் அதன் இரண்டு புள்ளியும் அந்த ஐந்தில்தான் இருக்க வேண்டும். ஒரு புள்ளி ஓரத்தின் நடுக் கட்டத்தில் நின்றால் நீங்கள் எத்தனை தடவை இழுத்தாலும் அந்த வீடு நிரம்பாது. வீட்டைப் பிரித்த சுவர்க் கோடுதான் தப்பு. அரை நிமிஷம் எண்ணினால் அரை மணி நேரம் மிச்சம்.

இதே கணக்குத்தான் தத்துவ அறிஞர் மேக்ஸ் பிளாக் 1946-ல் போட்ட புகழ்பெற்ற சதுரங்கப் புதிரிலும் இருக்கிறது. எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டி எடுத்த பலகையை இரட்டைக் கட்ட வில்லைகளால் மூட முடியுமா என்பது கேள்வி. வெட்டிய இரண்டும் ஒரே நிறம், ஆகவே முடியாது.

இன்னொரு சந்தேகக் குறியும் உண்டு. ஒரு கோடு யு வடிவில் திரும்பி, தன்னையே ஒட்டி, நான்கு கட்டச் சதுரம் ஒன்றை ஒரே நிறத்தில் அடைத்தால் அங்கே நில்லுங்கள். கூடாது என்று விதி இல்லை. ஆனால் நன்றாக அமைத்த பலகைகளில் இது அபூர்வம். மிச்சம் நிற்கிற கட்டத்தை அடைக்க நாம்தான் கோட்டை மடித்துத் திணித்திருப்போம். அக்காவின் 9-க்கு 9-ல் அப்படி இரண்டு இடம் இருந்தது.

எல்லாம் பார்த்தும் கட்டாயமான அடி ஒன்றும் தெரியாத நிலை வரும். அப்போது வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. நான்கு வழி உள்ள புள்ளியில் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டே வழி உள்ள இடமாக, இடுக்கான இடமாகத் தேடுங்கள். அதில் ஒன்று தப்பென்றால் நாலைந்து அடியிலேயே முட்டும். முட்டினால் மற்றது உறுதி. எந்த இடத்தில் ஊகித்தீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். முட்டியதும் முழுப் பலகையையும் அழிக்கக் கூடாது, அந்த இடம் வரைக்கும்தான் அழிக்க வேண்டும். அதற்கு முன்னால் போட்டது எல்லாம் நிரூபித்த உண்மை. ஹின்ட் பொத்தானை அமுக்கினால் ஒரு கோடு முழுசாக வரும். ஏன் அந்த வழி என்று அது சொல்லாது. எத்தனை நிறமோ அத்தனை நகர்வில் முடித்தால் நட்சத்திரம் கிடைக்கும் என்பதும் அக்காவுக்கு ஒரு கவலை. முதல் தடவை நட்சத்திரத்தை மறந்துவிடுங்கள், விடை தெரிந்த பிறகு திரும்ப ஆடி வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

நாலு நாள் நின்றதற்கு வருத்தப்படவும் வேண்டாம். எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டிய இந்த வகைப் புதிர், கணினி அறிவியலில் என்பி-முழுமை என்று சொல்கிற கடினமான வகுப்பைச் சேர்ந்தது என்று எரிக் டெமைன் உள்ளிட்ட குழு 2015-ல் வெளியான கட்டுரையில் நிரூபித்தது. எவ்வளவு பெரிய பலகையானாலும் சட்டென்று தீர்த்துத் தருகிற பொது வழி இன்றுவரை யார் கையிலும் இல்லை என்று அர்த்தம். 5-க்கு 5-ல் நாம் பார்த்ததுபோல எல்லா அடியும் கட்டாயமாக வந்து விழுவது சின்னப் பலகையின் கருணை. 14, 15 என்று போகும்போது ஊகம் கூடும், பொறுமையும் கூட வேண்டும்.

அக்கா போனை எடுத்துப் பலகையைச் சுத்தமாக அழித்தார். எந்த நிறத்தையும் தொடாமல் நான்கு மூலையையும் பார்த்தார். கீழ் இடது மூலைக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி நின்றுகொண்டிருந்தது. நாலு நாளும் அந்த ஆரஞ்சு எதிர்ப்பக்கம்தான் கிளம்பியிருக்கிறது. அவர் அதை மூலைக்குள் விட்டு மேலே ஏற்றினார். இன்னும் ஆறேழு அடி தானாக வந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் வந்து டீ சொல்லும் முன்னாலேயே, "முடிஞ்சுதுங் தம்பி. ரெண்டே இடத்துலதான் வெச்சுப் பார்த்தேன்" என்றார்.

உங்களுக்கும் ஒரு பலகை வைத்திருக்கிறேன். இதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு, ஓர் அடிகூட ஊகிக்க வேண்டியதில்லை. தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், முதல் கோட்டை இடது பக்க மூலைகளில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வரிசை: – சி நீ – ப
இரண்டாம் வரிசை: – – ம – –
மூன்றாம் வரிசை: – – ப – –
நான்காம் வரிசை: – ம – நீ –
ஐந்தாம் வரிசை: – சி – – –